கரண்ட் போனா சோலாரும் போகும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் மதுரைக்குப் போயிட்டு வந்ததும், இனிமேலும் தள்ளிப் போட்டா சரிப்படாதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

என் மச்சினன் மதுரையில வீடுகளுக்கு சோலார் பேனல் போட்டுக் கொடுக்கிற தொழில் பண்றான். பெரிய கம்பெனியெல்லாம் இல்லை. அவன், ரெண்டு எலக்ட்ரீஷியன், மூணு ஹெல்பர், ஒரு குட்டி யானை வண்டி. அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில 'பி.எம். சூர்ய கர்' திட்டம் வந்ததுக்கப்புறம் தொழில் சூடு பிடிச்சது. 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபாய் மானியம்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா அதே வேகத்துல போட்டியும் வந்தது. நேத்து வரைக்கும் சிசிடிவி மாட்டிக்கிட்டு இருந்தவர், வாட்டர் ஹீட்டர் வித்துக்கிட்டு இருந்தவர் எல்லாம் இன்னிக்கு சோலார் நிபுணர்.

இந்த நேரம் பார்த்து ஒருத்தர் லேப்டாப்போட கடைக்கு வந்தார். "சார், உங்ககிட்ட திறமை இருக்கு, ஆனா அது யாருக்கும் தெரியலை. ஆறே மாசத்துல உங்களை இந்தத் துறையில 'தாட் லீடர்' ஆக்கிடறோம்"னு சொல்லியிருக்கார். மாசம் 15,000 ரூபாய். இவன் எதுவும் எழுத வேண்டாம், பேச வேண்டாம், கோட் போட்ட போட்டோ ஒண்ணு கொடுத்தா போதும். மதுரை வெயில்ல கோட்! அதையும் கடன் வாங்கிப் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கான் பாவி. :-)

அப்புறம் ஃபேஸ்புக்குலயும் லிங்க்ட்இன்லயும் வாரத்துக்கு நாலு கட்டுரை இவன் பேர்ல வர ஆரம்பிச்சது. 'தலைமைப் பண்பு பற்றி சூரியன் கற்றுத்தரும் 5 பாடங்கள்' மாதிரி. நான்கூட ஒண்ணு ரெண்டு படிச்சு, "என்ன மாப்ள, திடீர்னு தத்துவமா கொட்டுது"ன்னு போன் பண்ணிக் கலாய்ச்சேன். "நான் எங்க அத்தான் எழுதினேன், நானே இன்னும் படிக்கலை"ன்னான். சிரிச்சுட்டு வெச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது.

அந்தக் கட்டுரைகள்ல ஒண்ணு, 'சோலார் போடுங்கள், மின்வெட்டுக்கு விடை கொடுங்கள்'.

சோலார் பத்தித் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மானியத்துக்காக வீடுகள்ல பெரும்பாலும் போடறது 'ஆன்-கிரிட்' முறை. பேட்டரி கிடையாது. பேனல்ல வர்ற கரண்ட் இன்வெர்ட்டர் வழியா வீட்டுக்கும், மிச்சம் மின்வாரிய லைனுக்கும் போகும். தெருவுல கரண்ட் போனா இந்த இன்வெர்ட்டரும் தானா நின்னுடும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. லைன்மேன் கம்பத்துல ஏறி வேலை பார்க்கும்போது நம்ம மாடியிலேர்ந்து கரண்ட் போனா அவர் உயிர் போயிடும் இல்லையா? அதனால நடுப்பகல்ல வெயில் கொளுத்தினாலும், கரண்ட் போனா சோலாரும் போகும். மின்வெட்டுலயும் ஓடணும்னா ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். அதுக்குத் தனிச் செலவு.

இது இந்தத் தொழில்ல இருக்கிற ஹெல்பர் பையனுக்குக்கூடத் தெரியும். மச்சினன் பேர்ல கட்டுரை எழுதினவருக்குத் தெரியலை. அவர் ஆளா, மென்பொருளா என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதைப் படிச்சவர்கள்ல ஒருத்தர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் மனைவிக்கு நுரையீரல் பிரச்சினை, வீட்டுலயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுது. கரண்ட் போறப்பல்லாம் அவருக்கு உயிர் போய் வந்திருக்கு. கட்டுரையைப் பார்த்துட்டுத்தான் கடைக்கே வந்திருக்கார். 3 கிலோவாட் போட்டாங்க. அடுத்த மாசத்துலயே ஒருநாள் மத்தியானம் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தினாங்க. மொட்டை மாடியில நல்ல வெயில். கீழே மெஷின் நின்னுடுச்சு. நல்லவேளை, பக்கத்து வீட்டுல பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தது. ஒயரை இழுத்து சமாளிச்சிருக்காங்க.

மறுநாள் அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடலை. அதுதான் கொடுமை. "தம்பி, வேற யாராவது எழுதியிருந்தா நாலு பேர்ட்ட விசாரிச்சிருப்பேன். இதையே தொழிலா பண்ற நீங்க எழுதியிருந்ததால விசாரிக்கலை"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டாராம்.

மச்சினன் என்கிட்ட இதைச் சொல்லும்போது குரலே எழும்பலை. "நான் எல்லார்ட்டயும் இதைச் சொல்லித்தான் போடுவேன் அத்தான். இவர் எல்லாம் படிச்சுட்டேன் தம்பின்னார். சரி, விவரமானவர்னு விட்டுட்டேன்."

இந்த இடம்தான் என்னைத் தூங்க விடலை. கட்டுரை வேலை செய்யலைன்னு சொல்ல முடியாது. நல்லாவே வேலை செஞ்சிருக்கு. படிச்சவர் நம்பினார், வந்தார், வாங்கினார். மார்க்கெட்டிங் பாஷையில சொன்னா வெற்றி! ஆனா அந்த நம்பிக்கைதான் அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க விடாம பண்ணிடுச்சு. துறை வல்லுநர்னு பேர் எடுக்கறது விளம்பரத்தைவிட ஆபத்தான சமாச்சாரம்ங்க. விளம்பரத்தை யாரும் முழுசா நம்பறதில்லை. வல்லுநர் சொன்னதை நம்பிடறாங்க.

அப்ப இணையத்துல பேர் எடுத்து வியாபாரத்தை வளர்க்கறதே ஏமாத்து வேலையா? அப்படிச் சொல்ல மாட்டேன். சரியாப் பண்ணினவங்க இருக்காங்க. எனக்குப் பிடிச்ச உதாரணம் அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல நீச்சல் குளம் கட்டித் தர்ற 'ரிவர் பூல்ஸ்' கம்பெனி. 2008-ல அங்க பொருளாதாரம் சரிஞ்சப்ப, வீட்டுக்கு நீச்சல் குளம் போடறவங்க காணாம போயிட்டாங்க. கம்பெனி மூடற நிலைமை. பங்குதாரர்கள்ல ஒருத்தரான மார்க்கஸ் ஷெரிடன் 2009-ல ஒரு காரியம் பண்ணினார். அதுவரைக்கும் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் பட்டியல் போட்டு, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதி கம்பெனி வெப்சைட்ல போட்டார்.

இதுல என்ன அதிசயம்? அவர் எடுத்துக்கிட்ட கேள்விகள்தான். 'ஃபைபர்கிளாஸ் குளம் போட எவ்வளவு ஆகும்?' விலையை வெளியில சொல்லக் கூடாதுங்கறது அந்தத் தொழில்ல எழுதப்படாத சட்டம். இவர் சொன்னார். 'ஃபைபர்கிளாஸ்ல என்ன பிரச்சினை?' அவர் விக்கிறதே ஃபைபர்கிளாஸ்தான்! இருந்தாலும் எழுதினார். அது ஒரே அச்சா வண்டியில ஏத்திக் கொண்டு வர்றது, அதனால ரோட்டுல வர்ற அகலத்துக்கு மேல போக முடியாது, நினைச்ச வடிவமும் கிடைக்காது. அதெல்லாம் வேணும்னா கான்கிரீட்தான் சரி. இன்னும் ஒரு படி மேல போய், ரிச்மண்ட் நகர வட்டாரத்துல நல்லா குளம் கட்டறவங்க யார் யார்னு ஒரு பட்டியல் போட்டார். அதுல அவர் கம்பெனி பேர் இல்லை, போட்டியாளர்கள் மட்டும்தான்.

பலன்? அந்த விலைக் கட்டுரை ஒண்ணால மட்டும் குறைஞ்சது 17 லட்சம் டாலர் வியாபாரம் வந்ததா 2013-ல நியூயார்க் டைம்ஸ் கிட்ட சொன்னார். 2017-ல இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமும் போட்டார். இன்னிக்கு ஊர் ஊராப் போய் மார்க்கெட்டிங் பத்திப் பேசறார். கவனிங்க, அவர் 'நான் தாட் லீடர்'னு கிளம்பலை. சொன்னா நஷ்டம் வருமோன்னு எல்லாரும் பயந்த பதிலைச் சொன்னார். பட்டத்தை ஊர் கொடுத்தது.

'அதெல்லாம் அமெரிக்காவுக்கு சரி'ன்னு சொல்றவங்களுக்கு, பெங்களூரு ஸிரோதா. 2010-ல ஆரம்பிச்ச பங்குத் தரகு கம்பெனி. 'வார்சிட்டி'ன்னு பங்குச்சந்தைப் பாடம் முழுசையும் இலவசமா வெச்சிருக்காங்க. அங்க கணக்கு வெச்சிருக்கணும்கிற கட்டாயம்கூட இல்லை. அவங்க வளர்ந்ததுக்குக் கட்டணம் குறைவுங்கறதும் பெரிய காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனா புதுசா பங்குச்சந்தைக்கு வர்ற பையன் முதல்ல எங்க போய்ப் படிக்கிறான்னு கேட்டுப் பாருங்க, தெரியும்.

கூகுள்கூட தேடல் முடிவுகளை மதிப்பிடறவங்களுக்குக் கொடுக்கற வழிகாட்டியில, நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மை என்று மூணு சொல்லிக்கிட்டு இருந்தது. 2022 டிசம்பர்ல நாலாவதா 'அனுபவம்' சேர்த்தாங்க. எழுதினவர் அந்தக் காரியத்தைத் தன் கையால செஞ்சிருக்காராங்கறது கேள்வி. நாலுலயும் நடுநாயகம் நம்பகத்தன்மைதான்னும் அதுலயே சொல்லியிருக்காங்க. மென்பொருளைக் கேட்டா நிமிஷத்துல பத்து கட்டுரை வர்ற காலம் இது. மாடி ஏறிக் கையைச் சுட்டுக்கிட்டவன் சொல்ற ஒரு வரிக்குத்தான் மதிப்பு.

ஆக என் கட்சி இதுதான்: தன் தொழில்ல பேர் எடுக்க நினைக்கிறவங்க முதல்ல எழுத வேண்டியது, எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா வியாபாரம் கெடும்னு பயப்படறாங்களோ அந்தக் கேள்விக்குத்தான். அதை அவங்களேதான் சொல்லணும். எழுத வராதுன்னா பேசி யாரையாவது எழுதச் சொல்லலாம், தப்பே இல்லை. ஆனா தன் பேர்ல வர்ற ஒவ்வொரு வரியையும் படிக்காம வெளியே விடக் கூடாது. எழுத்தை வாடகைக்கு விடலாம், கையெழுத்தை விடக் கூடாது.

'எல்லாத்தையும் சொல்லிட்டா போட்டிக்காரன் கத்துக்குவானே'ன்னு மச்சினனும் கேட்டான். போட்டிக்காரனுக்கு ஏற்கெனவே தெரியும் மாப்ள, தெரியாதது கஸ்டமருக்கு மட்டும்தான்னேன். 'குறையைச் சொன்னா ஓடிடுவாங்களே'ன்னான். ஓடுவாங்க. அப்படி ஓடறவங்க, போட்டதுக்கப்புறம் கடை வாசல்ல வந்து நிக்கப் போறவங்க. முன்னாடியே ஓடறது ரெண்டு பேருக்கும் நல்லது.

அந்த லேப்டாப் பார்ட்டிக்கு நாலாவது மாசத்தோட கும்பிடு போட்டாச்சு. 60,000 ரூபாய் போனது போனதுதான். கட்டுரைகளை எல்லாம் அழிச்சாச்சு. மின்வெட்டுக் கட்டுரையை மட்டும் அழிக்க வேண்டாம்னு சொன்னேன். 'இது தவறு, காரணம் கீழே'ன்னு மேல எழுதித் திருத்தி வெச்சிருக்கான். தலைமையாசிரியர் வீட்டுக்கு ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் அசல் விலைக்கே மாட்டிக் கொடுத்தான். லாபம் எடுக்க மனசு வரலைன்னான்.

போன வாரம் மூணு ராத்திரி உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மொத்தம் 12 கேள்வி. மானியம் எப்ப வரும், அதுவரைக்கும் யார் பணம் போடறது? பக்கத்து வீட்டு தென்னை மர நிழல் விழுந்தா எவ்வளவு குறையும்? பேனலைக் கழுவாம விட்டா என்ன ஆகும்? மாசம் 100 யூனிட்கூட ஓட்டாத வீட்டுக்கு சோலார் தேவையா? (கடைசிக் கேள்விக்கு அவன் பதில்: 'அவசரப்பட வேண்டாம்.' டைப் பண்ணும்போது எனக்கே ஆச்சரியம்!) கோட் போட்டோ போய், பேனல் பக்கத்துல வேர்த்து விறுவிறுத்து நிக்கிற போட்டோ வந்திருக்கு.

இதனால வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுமான்னு எனக்கு ஜோசியம் தெரியாது. ஷெரிடனுக்கே ஒரே நாள்ல நடக்கலை. ஆனா இனி அவன் பேரைப் பார்த்து ஒருத்தர் நம்பினா, அந்த நம்பிக்கைக்கு அவன் பொறுப்பா நிக்க முடியும். எனக்கு அது போதும்.

12 கேள்வியில முதல் கேள்வி, 'கரண்ட் போனா சோலார் ஓடுமா?' பதில் ஒரே வார்த்தைதான், 'ஓடாது'. அதுக்குக் கீழதான் விளக்கம். அந்த வரிசையை மாத்தவே கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

உங்க வீட்டுலயோ சொந்தத்துலயோ தொழில் பண்றவங்க இருந்தா, அவங்க பயப்படற கேள்வி எதுன்னு கேட்டுப் பாருங்க. சுவாரசியமான பதிலா வரும்.

டிஸ்கி: மச்சினன்கிட்ட அனுமதி வாங்கித்தான் இதை எழுதியிருக்கேன். கோட் போட்டோவைப் போட மட்டும் அனுமதி கிடைக்கலை. :-)