சில்லுகளால் எழுந்த இல்லம்

வீட்டில் பீங்கான் தட்டொன்று உடைந்தால் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் எறிகிறோம். வேறென்ன செய்வது? ஈர மண்கலம் கோணிப்போனால் குயவர் அதைப் பிசைந்து மீண்டும் வனைவார். சூளையில் வெந்த கலமோ மறுபடி களிமண் ஆவதில்லை. எரேமியா இறைவாக்கினரின் நூலில் 18-ஆம் அதிகாரம் முன்னதையும், 19-ஆம் அதிகாரம் பின்னதையும் நமக்கு உவமையாகக் காட்டுகின்றன.

வெந்து உடைந்த சில்லுக்கும் ஓர் இடம் உண்டெனக் கண்ட எளிய மனிதர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். ரேமோன் இசிதோர் (1900-1964) என்பது அவர் பெயர். தேவமாதாவின் பேராலயத்தால் புகழ்பெற்ற சார்த்ர் நகரில், கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்குவது அவர் தொழில். 1938-ஆம் ஆண்டளவில், வயல்வெளியில் உலவியபோது மண்ணில் மின்னிய பீங்கான், கண்ணாடிச் சில்லுகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றின் நிறத்தில் மனம் பறிகொடுத்துப் பொறுக்கி வந்தார். பின்னர் குப்பைமேடுகளிலும் தேடினார். தம் கையால் கட்டிய சிறு வீட்டின் சுவர்களில் சிமெண்டுக் காரை பூசி அவற்றைப் பதிக்கலானார்.

சுவர்களோடு அவர் நிற்கவில்லை. கட்டிலும் அடுப்பும் மனைவியின் தையல் எந்திரமும்கூடச் சில்லுகளால் பொலிந்தன. சிற்றாலயம் ஒன்று எழுந்தது. தோட்டச் சுவரில் எருசலேம் நகர் தோன்றியது. பேராலயத்தின் சிறு வடிவத்தைத் தாங்கிய நீலநிறக் கல்லறைச் சிற்பமும் உருவாயிற்று. கால் நூற்றாண்டு உழைப்பு அது! ஊராரோ 'பிக்காசியெத்' என்று பட்டம் சூட்டி நகைத்தனர். பிறர் தட்டில் உண்டு வாழ்பவன் என்னும் வசைச்சொல்லோடு ஓவியர் பிக்காசோவின் பெயரையும் கலந்த கேலி அது. அந்தப் பெயரே இன்று அவ்வில்லத்தின் பெருமைக்குரிய பெயராயிற்று. 1981-இல் நகராட்சி அதை வாங்கியது. 1983-இல் அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

1194-ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப்பின் புதுப்பித்து எழுப்பப்பெற்ற பேராலயத்தின் வண்ணச் சாளரங்களும், கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்தவையே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கைவினைஞர் தாம் வரைந்த வடிவத்திற்கு ஏற்பக் கண்ணாடியை வெட்டினர். இசிதோருக்குக் கிடைத்தவையோ ஏற்கெனவே உடைந்தவை. ஒவ்வொரு சில்லையும் கையிலெடுத்து, அதன் வளைவும் முனையும் நோக்கி, அதற்குரிய இடத்தை அவரே தேட வேண்டியிருந்தது.

நம் குடும்பங்களிலும் உடைந்தவர்கள் இருக்கின்றனர். குடியினால் வேலையிழந்த தம்பி. மணவாழ்வு முறிந்து தாய்வீடு திரும்பிய மகள். சினத்தால் உறவுகளையெல்லாம் அறுத்துக்கொண்ட பெரியவர். "முதலில் திருந்தட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம்" என்கிறோம். அவர்களுடைய கூர்முனை நம்மைக் குத்தும் என்பதும் மெய்தான். சில்லைப் பொறுக்குபவன் விரலைக் காத்துக்கொண்டுதான் பொறுக்க வேண்டும். ஆயினும் இடம் கிடைத்த பிறகே மனம் இளகுவோர் பலர் அல்லரோ?

இன்றிரவு குடும்பச் செபத்திற்கு அமரும்போது, நம் நடுவே இல்லாதவர் யாரென எண்ணிப் பார்ப்போம். நாளை அவருக்கு ஆளனுப்பி உணவுக்கு அழைப்போம்.