ரிப்போர்ட்டைச் சுருக்குங்க, எக்ஸ்ரேயைச் சுருக்காதீங்க

1/ டிஸ்சார்ஜ் சம்மரி நாலே பக்கம். பிடிஎஃப் 40 எம்பி. இதைத் திறக்க முடியாதது நோயாளியோட குறை இல்ல, அனுப்புற ஆஸ்பத்திரியோட அலட்சியம். கொஞ்சம் கோபமாவே ஒரு த்ரெட்.

2/ ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுட்டுத்தான் பஸ் ஏறணும். 'ரிப்போர்ட்டை போன்ல அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்'னு டாக்டர் சொல்றது அதனாலதான்.

3/ சேர்வராயன் மலைல டவர் ஒரு கோடு காட்டுற இடத்துல, வினாடிக்கு 1 மெகாபிட் கிடைச்சாலும் 40 எம்பிக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும். 2 எம்பின்னா 16 வினாடி.

4/ எழுத்துக்கு கனமே இல்ல. டைப் பண்ணின பக்கத்தை பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, திரும்ப கலர்ல போட்டோ பிடிச்சு பிடிஎஃப்ல ஒட்டுறாங்க. கனம் அந்தப் படத்தோடது. வேர்டுல மூலையைப் பிடிச்சு இழுத்தா கண்ணுக்குத்தான் சின்னது. உள்ள முழுப்படமும் அப்படியே இருக்கும்.

5/ ஏ4 பக்கம் 300 டிபிஐ-ல சுமார் 87 லட்சம் பிக்சல். 150-ல 22 லட்சம், அதாவது நாலுல ஒண்ணு. டைப் அடிச்சதைப் படிக்க அது போதும். வேர்டுலயே 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' பட்டன் இருக்கு.

6/ 'சுருக்கினா டீட்டெயில் போயிடும் டாக்டர்.' எக்ஸ்ரே, சிடி விஷயத்துல கரெக்ட். ஜேபெக் நுணுக்கங்களைக் கழிச்சுத்தான் சைஸைக் குறைக்குது. மயிரிழை விரிசல் அதோட போயிடலாம். அதனால ஸ்கேன் படங்களை டைகாம் ஃபைலா தனியா குடுங்க. ரிப்போர்ட்டோட சேர்த்து ஒரே மூட்டையா கட்டாதீங்க.

7/ ரிப்போர்ட்டைச் சுருக்குறதுலயும் கவனம் வேணும். சில ஜெராக்ஸ் மெஷின்கள் ஸ்கேனைச் சுருக்கும்போது 6-ஐ 8-ஆ மாத்துறதை 2013-ல ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் கண்டுபிடிச்சார். இன்சுலின் 6 யூனிட் 8 ஆனா? அனுப்புறதுக்கு முன்னாடி எண்களைப் பெரிசாக்கி ஒரு தடவை பாருங்க.

8/ 'இலவச சைட்ல நீங்களே சுருக்கிக்கோங்க'னு நோயாளிகிட்ட தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அவங்க நோயும் ஆதார் எண்ணும் முன்பின் தெரியாத எவனோட சர்வர்லயோ போய் உட்காரும்.

9/ அனுப்புறவங்ககிட்ட கம்ப்யூட்டர், ஃபைபர் லைன், ஆள் எல்லாம் இருக்கு. மலை மேல இருக்கறவங்ககிட்ட ஒரு போனும் ஒரு கோடு டவரும். சுருக்க வேண்டியது யார்? ரெண்டு நிமிஷ வேலைங்க. பண்ணுங்க.