நாய் வண்டியை மறித்தவன் எழுதுவது

நாங்கள் காலை நடைக்குப் போகும் பூங்காவில் எங்களுக்கென்று ஒரு சிமெண்ட் பெஞ்ச் உண்டு. ஏழு பேர், எல்லோரும் பென்ஷன்காரர்கள். முன்பெல்லாம் அகவிலைப்படி, மூட்டுவலி, மருமகள் என்று பேச்சு சுற்றி வரும். இரண்டு வருடமாக ஒரே பேச்சுதான். நாய்.

போன வாரம் நண்பர் ஒருவர் தட்டச்சு செய்த மனு ஒன்றைக் கொண்டுவந்தார். "நகரில் உள்ள அனைத்துத் தெரு நாய்களையும் உடனடியாகப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும்" என்று ஒரே பத்தி. ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. "அண்ணாச்சிக்கு நாய்ப் பாசம்" என்று ஒருவர் சிரித்தார். மறுநாள் பெஞ்சில் எனக்கு இடம் விடவில்லை.

எனக்கு நாய்ப் பாசமும் இல்லை, நாய் வெறுப்பும் இல்லை. நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லியாக வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெட்டை நாய் வந்து சேர்ந்தது. செம்மண் நிறம். செவலை என்று கூப்பிடுவோம். மதியம் மிச்சச் சோற்றை என் வீட்டம்மா வாசலில் வைப்பாள். தின்றுவிட்டு வேப்ப மரத்தடியில் படுத்துக்கொள்ளும். ஒருநாள் காலையில் நகராட்சியின் நாய் வண்டி வந்தது. வலையோடு நாலு பேர். பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பேப்பரில் படித்திருக்கிறேன். தெரிந்தும் செவலையைக் கேட்டுக்குள் இழுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன்.

"அண்ணாச்சி, உள்ள நாய் வச்சிருக்கீயளா?" என்று கேட்டார் வந்தவர்.

"அது எங்க வீட்டு நாய்" என்றேன். பச்சைப் பொய். கழுத்தில் பட்டையும் இல்லை, கையில் லைசென்சும் இல்லை. அவர் என் நரைத்த தலைக்கு மரியாதை கொடுத்துப் போய்விட்டார். உயிரைக் காப்பாற்றிய பெருமையில் அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

செவலை அடுத்த பதினைந்து மாதத்தில் இரண்டு தடவை குட்டி போட்டது. மொத்தம் பதினொன்று. நாலு குட்டி வண்டிச் சக்கரத்தில் போயின. மூன்றை எங்கே என்று தெரியவில்லை. மிச்சம் நாலு தெருவிலேயே வளர்ந்தன. தாய் நாய் இரண்டாவது ஈத்துக் குட்டிகளோடு இருந்தபோது, விடியற்காலை பால் போடுகிற அம்மா இருட்டில் பக்கத்தில் போய்விட்டார். கெண்டைக்காலில் கடி. சதை கிழிந்து ரத்தம். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான். காயத்தைச் சுற்றிப் போடுகிற ஊசியும் போட்டார்கள். ஆனால் அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று திரும்பத் திரும்பப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாட்களில் அவர் பாலுக்குப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பினார். அவன் சில்லறையில் கை வைத்தான். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாயில்லா ஜீவன், என்ன செய்யும்" என்று என்னிடமே சொன்னார். அந்த நாயை நான்தான் ஒளித்து வைத்தேன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இப்போது மனு எழுதிய நண்பர்களுக்கு வருகிறேன்.

பிடித்து அப்புறப்படுத்துவது புதுசா? நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்ததுதானே. முனிசிபாலிட்டி ஆள் கம்பி வளையத்தோடு வருவதும், நாய்களின் ஓலமும், நாங்கள் டவுசரைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடியதும் எனக்கு நேற்று போல இருக்கிறது. சென்னையில் மின்சாரம் வைத்தே கொன்றார்கள், பல பத்து வருடம். நாய் குறைந்ததா? இல்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் அங்கே கிடக்கிற குப்பைக்கும் எச்சிலுக்கும் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். தப்பியவற்றுக்குத் தீனி கூடும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். இதைப் பார்த்துத்தான் 1959இல் சென்னையில் புளூ கிராஸ் தொடங்கிய கேப்டன் சுந்தரம், 1960களிலேயே கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து விடுங்கள் என்று சொன்னார். சொன்னவர் விமானி. மாநகராட்சி அதைக் காதில் வாங்க 1990களின் நடுப்பகுதி ஆயிற்று.

"கொல்ல வேண்டாம் சார், பிடித்து ஷெல்டரில் அடைக்கட்டும்" என்கிறார் எங்கள் பெஞ்சின் முன்னாள் தாசில்தார். சரி, கணக்குப் போடுவோம். 2024இல் சென்னையில் எடுத்த கணக்கெடுப்பில் தெரு நாய்கள் ஏறக்குறைய 1.8 லட்சம். ஒரு நாய்க்கு நாளைக்குச் சாப்பாட்டுக்கு 30 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 54 லட்சம். வருடத்துக்கு 197 கோடி. கொட்டகை, மருந்து, ஆள் சம்பளம் எதுவும் இதில் சேரவில்லை. சொத்து வரி ஏற்றினால் முதல் ஆளாக மனு எழுதுகிறவர் இதே நண்பர்தான்.

உச்ச நீதிமன்றமே இதில் முன்னும் பின்னும் போய்வந்தது. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். பதினோரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது. நவம்பர் 7ஆம் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் நாய்களைப் பிடித்தால் அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் பாரம் வந்து விழுவது நகராட்சி மையத்தின் மேல்தான். அந்த மையத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

பால் போடும் அம்மா கடிபட்ட பிறகு நான் போனேன். குற்ற உணர்ச்சிதான் இழுத்துக்கொண்டு போனது, சேவை மனப்பான்மை ஒன்றும் இல்லை. குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் தகரக் கூரை. ஒரு டாக்டர், அவருக்கு ஒரு உதவியாளர், கழுவிவிட இரண்டு பெண்கள். ஆபரேஷன் முடிந்த நாய் ஈரத் தரையில் மயக்கம் தெளியாமல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. விரிக்கத் துணி இல்லை. டாக்டர் சின்னப் பையன், என் பேரன் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். "சார், பிறந்தநாளுக்கு பிரியாணி கொண்டு வர்றாங்க, போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. பழைய பெட்ஷீட் நாலு யாராவது கொடுத்தா போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் பரணில் இருந்து பதினேழு பெட்ஷீட், இரண்டு ஜமுக்காளம், என் பழைய வேட்டி ஐந்து இறக்கினேன். நம் வீடுகளில் இதற்கா பஞ்சம்? பழைய பேப்பரைக் கிலோ கணக்கில் கடைக்காரருக்குப் போடுகிறோமே, அது கூண்டுக்கு அடியில் விரிக்க ஆகும். துடைப்பம், வாளி, கிருமிநாசினி எல்லாம் கேட்டுக்கொண்டு வாங்கிக் கொடுங்கள். கேட்காமல் எதையும் கொண்டுபோகாதீர்கள். சாக்லெட் நாய்க்கு விஷம் என்று தெரியாமல் ஒரு குடும்பம் பிறந்தநாள் சாக்லெட் கேக்கோடு வந்து நின்றதாம்.

ஆனால் துணி கொடுப்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், வண்டி வரும் நாளில் நாம் வாசலில் நிற்பது. வலைக்காரரைக் கண்டால் நாய் ஓடும். சோறு வைக்கிறவர் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். முதல் முறை வந்தபோது எங்கள் தெருவில் மூன்று மணி நேரத்தில் இரண்டு நாய்தான் பிடித்தார்கள். போன மாதம் என் வீட்டம்மாவும் எதிர்வீட்டு மதினியும் ரொட்டியோடு நின்றார்கள். முக்கால் மணி நேரத்தில் ஏழு. செவலையும் அதில் ஒன்று. வலையே தேவைப்படவில்லை. கழுத்தில் கயிற்றைப் போட நானே பிடித்துக் கொடுத்தேன். அது என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நாய்க்குச் சோறு வைப்பவர்களே, உங்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. வண்டி வந்தால் சாபம் விடுகிறீர்கள், வீடியோ எடுக்கிறீர்கள், என்னைப் போல ஒளித்தும் வைக்கிறீர்கள். பிஸ்கட் போட்டுவிட்டு ஆபரேஷனைத் தடுப்பது கருணை என்று யார் சொன்னது? இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் போனால் பெட்டை குட்டி போட்டுவிடும். அதில் பாதி உங்கள் கண்முன்னாலேயே சாகும். 2023ஆம் வருடத்து விதிகளில் சோறு வைக்க இடம் ஒதுக்கித் தரும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். மாடிப்படி, நுழைவாயில், பிள்ளைகள் விளையாடுகிற இடம் இவற்றை விட்டுத் தள்ளி, நேரம் வைத்துப் போட வேண்டும். எங்கள் சங்கத்தில் இதைப் படித்தவர் யாரும் இல்லை, செயலாளர் உட்பட. செயலாளர் நான்தான்.

"வரி கட்டுகிறோம், நகராட்சி செய்யட்டும்" என்பார்கள். நான் முப்பத்தி மூன்று வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன். "கரண்ட் இல்லை, என்ன பண்றீங்க" என்று கத்துகிறவரும் உண்டு, "இத்தனாம் நம்பர் கம்பத்தில் பொறி வருது" என்று சொல்கிறவரும் உண்டு. இரண்டு பேரும் வரி கட்டுகிறவர்கள்தான். யார் தெருவில் முதலில் விளக்கு எரிந்தது என்று எனக்குத் தெரியும்.

அதனால் கம்பத்து நம்பர் சொல்லுங்கள். இடது காதில் கொஞ்சம் வெட்டியிருந்தால் ஆபரேஷன் ஆன நாய். எங்கள் மையத்தில் இடது காது, உங்கள் ஊரில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எத்தனை நாய், எத்தனை காது முழுசாக இருக்கிறது, எவை பெட்டை என்று ஒரு நோட்டில் எழுதி மையத்தில் கொடுங்கள். நமக்கு வேறு என்ன வேலை? பிடித்த நாயைத் திரும்ப இங்கேயே விட்டார்களா என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் பிடித்த ஏழில் ஒன்றை வேறு பேட்டையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். போட்டோவும் தேதியும் இருந்ததால் கேட்க முடிந்தது, நாலாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். மையத்துக்கு உதவுவது என்றால் மையத்தைக் கேள்வி கேட்கக்கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரே டாக்டரை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க எப்படி முடியும் என்று பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க நம்மைத் தவிர யாருக்கு நேரம் இருக்கிறது?

தடுப்பூசியையும் மறந்துவிடுகிறோம். கருத்தடை ஒரு தடவை. வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம். நூறு நாயில் எழுபதுக்குப் போட்டுவிட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு ஒன்பது வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. நம் நாட்டில் 2004 வாக்கில்தான் அதை நிறுத்தினார்கள். வயிறு வீங்கி, குப்புறப் படுக்க முடியாமல் அம்மா மடியில் அழுதது நினைவிருக்கிறது. இப்போது கையில் சின்ன ஊசி என்பதால் எல்லோருக்கும் பயம் விட்டுப்போய்விட்டது. கடிபட்டால் முதலில் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. மிளகாய்ப் பொடி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று, இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்த மையத்தில் தெரு நாய் மட்டும் இல்லை. ஒரு கூண்டில் லேப்ரடார், இன்னொன்றில் கண் தெரியாத பொமரேனியன். பேரன் ஆசைப்பட்டான் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, கிழடானதும் பைபாஸில் இறக்கிவிட்டுப் போனவர்கள் தெரு நாய்கள் இல்லை, நம்மைப் போன்ற கௌரவமான குடும்பங்கள். லைசென்ஸ் எடுக்க மாட்டார்கள். 2025இல் சென்னையில் அதற்கு 50 ரூபாய்தான் இருந்தது. நாய் வேண்டுமென்றால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து ஒரு நாட்டு நாயை எடுத்துப் போங்கள். மாதக் கடைசியில் சலூனில் குளிப்பாட்டவும் வேண்டாம், டப்பாத் தீனியும் வேண்டாம்.

செவலை திரும்ப வந்து மூன்று வாரமாகிறது. காது கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை, வீட்டம்மா வைத்ததை மட்டும் தின்றது. இப்போது வருகிறது.

அடுத்த வியாழக்கிழமை பூங்காவுக்குப் பின்தெருவுக்கு வண்டி வருகிறது. காலை ஆறு மணி. அந்தத் தெருவில் ஒன்பது நாய், நாலு பெட்டை, ஒன்றுக்கும் காது வெட்டு இல்லை. நோட்டில் இருக்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் அந்த நேரத்தில் எப்படியும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டி நான் வாங்கி வருகிறேன்.