பெரியம்மாவின் 'டிக் டிக்'

"பயோ இன்ஜினீயரிங்கா? அப்படீன்னா இவ டாக்டராகப் போறாளா, இன்ஜினீயராகப் போறாளா?"

என் பெண் காலேஜில் சேர்ந்த அன்று மாமியார் கேட்ட கேள்வி இது. எனக்கும் அதே சந்தேகம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் லீவில் வந்தவள், என் அக்காவைப் பார்த்ததும் அவள் மார்பில் காதை வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்றிப் பல வருஷம் ஆகிறது. ராத்திரி பக்கத்தில் படுத்தால் கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' கேட்கும். சின்ன வயதில் என் பெண்ணுக்கு அது ஒரு விளையாட்டு.

"இதுதாம்மா எங்களுக்கு முதல் பாடம்!" என்றாள்.

வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தார்களாம். நிமிஷத்துக்கு 70 தரம் துடிக்கிற இதயம் ஒரு நாளில் எத்தனை தரம் துடிக்கும்? கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்துக்கு மேல்! வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை தரமும் வால்வு திறந்து மூட வேண்டும்.

"ஏண்டி, நம்ம அடிபம்பு வாஷரே அடிக்கடி தேஞ்சு போறதே?"

"அதேதாம்மா கேள்வி! தேயாம உழைக்கணும். ரத்தம் அதுமேல உறையக் கூடாது. உடம்பு அதை ஏத்துக்கணும். உழைக்குமான்னு இன்ஜினீயர் பார்ப்பார், உடம்பு ஏத்துக்குமான்னு டாக்டர் பார்ப்பார். ரெண்டு பேர் பாஷையும் தெரிஞ்சவங்க வேணும். அதுதான் எங்க படிப்பு."

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் கதையையும் சொன்னாள். வெளிநாட்டு வால்வின் விலை நம் ஜனங்களுக்கு எட்டவில்லை. டாக்டர் வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் சேர்ந்து உழைத்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நாலாவதில் வளையம் கோபால்ட், குரோமியம் சேர்ந்த உலோகம். திறந்து மூடும் தட்டு தேயாத ஒருவகை பிளாஸ்டிக். தையல் போடச் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அக்காவுடையது வேறு வகை. ஆனால் எந்த வால்வானாலும் அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்: "என் வால்வு கெட்டதே ஒரு தொண்டை வலியால்தான்."

வாஸ்தவம். எட்டு வயதில் அவளுக்குத் தொண்டை வலி, ஜுரம். சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, பிறகு கணுக்கால். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று பாட்டி விளக்கெண்ணெய் தடவினாள். அது ருமாட்டிக் ஜுரம் என்று தெரிந்தபோது இதய வால்வு பழுதாகியிருந்தது.

தோழியரே, 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வரும். தொண்டை வலியோடு ஜுரம் இருந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால் ஜுரம் விட்டதும் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். மூட்டு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஒரு தரம் இந்த ஜுரம் வந்த குழந்தைக்கு, டாக்டர் சொல்கிறபடி பல வருஷம் பென்சிலின் ஊசி தவறாமல் போட வேண்டும்.

செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட பெண்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. குழந்தை வேண்டுமென்று நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக் கூடும்.

மாமியாருக்கு இப்போது சந்தேகமில்லை. பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது, "நன்னாப் படி. ஏழைக்கும் எட்டுகிற விலையிலே பண்ணு" என்றார்.

அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "நீ உன் பத்தியிலே அந்தத் தொண்டை வலியை எழுது."

எழுதிவிட்டேன்.