சட்டம் யார் வீட்டுச் சொத்து?

தியாகராய நகர், அரங்கநாதன் தெரு. பொங்கலுக்கு முந்திய வாரத்து மாலை. தெருவெல்லாம் தலைகள்! அந்த மக்கள் வெள்ளத்திலே நாமும் ஒரு துளியாய் மிதந்து சென்று, ஒரு துணிக்கடையின் மூன்றாம் மாடியிலே கரை ஒதுங்கினோம். சேலைகளை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுகூட நிரம்பியிராது. தென்மாவட்டத்துப் பேச்சு. காலையிலே நிற்கத் தொடங்கியவள், இரவு கடை அடைக்கும் வரை நிற்பவள். ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றி, அதன் பாரத்தை மீண்டும் இதற்கு மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

“கூட்டம் இல்லாத வேளையிலே சற்று உட்காரக் கூடாதா அம்மா? கடையில் வேலை செய்பவர் உட்காரலாம் என்று சட்டமே இருக்கிறதே!” என்றோம்.

அவள் வியந்து பார்த்தாள். “சட்டமா? எந்தச் சட்டம் சார்? சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலியே!”

கேட்டவர் சிலர் நகைத்தனர். நமக்கு நகை வரவில்லை, நாணம் வந்தது. பட்டம் பெற்றோம், பள்ளியிலே பாடம் சொல்கிறோம். ஆயினும் இவளைப் போன்ற எத்தனை பேரை, சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே விழிக்கும்படி விட்டுவைத்திருக்கிறோம்!

சட்டம் இருக்கிறது, தோழர்களே! கோழிக்கோட்டுக் கடைத்தெருவிலே பெண் தொழிலாளர் போராடினர். அதன் பயனாய்க் கேரளம் 2018-இல் வழி காட்டிற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலே 22-அ என்னும் பிரிவைப் புகுத்தியது. வேலை நேரம் முழுதும் நின்றே தீரவேண்டிய நிலை மாற, எல்லா ஊழியருக்கும் தக்க இருக்கை வசதி இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம்! மன்றத்திலே பிறந்தது, அரசிதழிலே அச்சேறியது. ஆனால் மூன்றாம் மாடிக்குப் படியேறி வரவில்லை. சட்டம் உண்டு, அவளுக்கு நாற்காலி இல்லை. சட்டம் உண்டு என்ற செய்திகூட இல்லை!

‘சட்டம் அறியேன் என்பது மன்னிப்புக்கு உரியதன்று’ என்பது நீதிமன்றத்தின் அரிச்சுவடி. நன்று! அறியாதவனைத் தண்டிக்கும் உரிமை உண்டெனில், அவனுக்கு அறிவிக்கும் கடமை எவருக்கு? அவன் அறியாத மொழியிலே எழுதி, அவன் நுழைய முடியாத நூலகத்திலே அடுக்கி, அவன் வாங்க முடியாத விலையிலே விற்றுவிட்டு, ‘ஏன் அறியவில்லை?’ என்று கேட்பது நீதியா? கண்ணைக் கட்டிவிட்டு, கல் தடுக்கி விழுந்தவனைக் குருடன் என்பதல்லவா அது!

அரங்கநாதன் தெருவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தால் மயிலாப்பூர். அங்கே சட்டத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள், நன்றாகவே அறிந்திருந்தார்கள்! 1888-இல் அங்கே வக்கீல்கள் கூடி ‘சனிக்கிழமைச் சங்கம்’ என்ற ஒன்றை நடத்தினர். வாரந்தோறும் சட்டம் பேசினர், தீர்ப்புகளை அலசினர். அந்தக் கூட்டத்திலே பிறந்ததுதான் 1891-இல் வெளிவரத் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’.  அவர்களின் உழைப்பை நாம் இகழவில்லை, புலமையை மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அந்தப் புலமை எந்த மொழியிலே பேசிற்று? எந்த வீதியிலே உலவிற்று? எவருக்குக் காவலாய் நின்றது?

விடையை 1950 சொல்லும்.

1921-இல் நீதிக்கட்சி ஆட்சியிலே முளைத்த வகுப்புரிமை ஆணை, 1947-இல் திருத்தம் பெற்று நடப்பிலிருந்தது. கல்லூரியில் 14 இடங்கள் என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்க்கு 1, இசுலாமியர்க்கு 1. பந்தியிலே எல்லோர்க்கும் இலை போடவேண்டும் என்ற எளிய அறம்! அதன்மீது வழக்குப் பாய்ந்தது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கு ஒன்று. பொறியியல் கல்லூரி இடத்துக்காகச் சீனிவாசன் தொடுத்த வழக்கு மற்றொன்று. செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறித்து வைத்திருக்கிறது! உயர் நீதிமன்றத்திலே சீனிவாசனுக்காக எழுந்து நின்றவர் யார்? மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் எழுவரில் ஒருவர். வீடு கட்டிய கொத்தனாருக்குத்தானே எந்தச் செங்கல் ஆடும் என்று தெரியும்!

ஆடிய செங்கல் எது? அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர்க்கு இடம் ஒதுக்க 16(4) என்ற பிரிவு இருந்தது. கல்விக் கூடத்துக்கு அப்படியொரு பிரிவு இல்லை. சாதி காரணமாக எவரையும் கல்லூரியில் மறுக்கலாகாது என்ற 29(2) மட்டும் இருந்தது. நலிந்த பிரிவினரின் கல்வியைத் தனிக் கவனத்தோடு வளர்க்கவேண்டும் என்னும் 46-ஆம் பிரிவு என்னவாயிற்று? அது வழிகாட்டும் நெறிதான். அடிப்படை உரிமைக்கு அடங்கியே நடக்கவேண்டும் என்றனர். 1950-இல் உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பதாண்டு முயற்சிக்கு மூன்று எண்களால் முற்றுப்புள்ளி!

முற்றுப்புள்ளியா? இல்லை. தமிழகம் கொதித்து எழுந்தது. பெரியாரின் குரல் கேட்டு ஊர்கள் திரண்டன; மாணவர்கள் வீதிக்கு வந்தனர். தில்லி அசைந்தது. நாடாளுமன்றத்திலே சட்ட அமைச்சர் அம்பேத்கர் எழுந்து, அந்தத் தீர்ப்பு நிறைவளிக்கவில்லை என்று எடுத்துரைத்தார். 1951 சூன் 18-இல் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது, 15(4) பிறந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே எழுபதே நாள்!

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. வீதி மட்டும் வென்றது என்று எண்ணிவிடாதீர். வீதியின் குமுறலைச் சட்டத்தின் சொல்லாக மாற்ற ஓர் அம்பேத்கர் வேண்டியிருந்தது. சட்டப் புலமை கத்தி போன்றது. அல்லாடியார் கையிலும் அதுவே. அம்பேத்கர் கையிலும் அதுவே. எவர் கையில் என்பதுதான் கேள்வி. நமக்கு ஒரு சாதியில் பிறந்தவர்மீது பகை இல்லை. அறிவைச் சிலரின் பரம்பரைச் சொத்தாக்கிப் பூட்டி வைக்கும் முறைமீதுதான் பகை!

மற்றொரு சான்று, நம் இளைஞர் மணமேடைக்கே வந்த சான்று. மந்திரமில்லாமல், புரோகிதரில்லாமல் 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தை, 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. ஏடு புரட்டினர், அக்கினி தேடினர், ஏழடி எண்ணினர், ஒத்த மனங்களை மட்டும் எண்ண மறந்தனர்! 1967-இல் அண்ணா முதலமைச்சராக வந்து 7-அ பிரிவைக் கொண்டுவந்த பிறகே, முன்பு நடந்த மணங்களுக்கும் சேர்த்துச் சட்ட ஏற்பு கிடைத்தது. மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் திருமணமே என்றாயிற்று. அதன் பின்னும் ஓய்ந்ததா? வழக்கறிஞர் அறையிலே நடக்கும் திருமணம் செல்லாதென்று 2014-இல் உயர் நீதிமன்றம் சொல்ல, அது தவறென்று 2023 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் திருத்தவேண்டியிருந்தது. இடைப்பட்ட ஒன்பதாண்டுகளில் பெற்றோர் சினத்துக்கு அஞ்சி ஓடிவந்த காதலர் எத்தனை பேர், ‘நம் மணம் செல்லுமா?’ என்று கலங்கியிருப்பர்! சட்டம் எங்கோ இருக்கும் பொருளன்று, தோழர்களே. நம் படுக்கையறைக் கதவிலும் அதன் கை இருக்கிறது.

அப்படிப்பட்ட சட்டம் நம்மோடு எந்த மொழியில் பேசுகிறது?

1862-இல் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றம். அன்று முதல் இன்று வரை அங்கே ஆங்கிலமே ஆட்சி. கீழ்நீதிமன்றத்திலே சாட்சி தமிழில் சொல்கிறான். மேல்முறையீட்டுக்குப் போகும்போது அவன் சொல் ஆங்கிலச் சட்டை மாட்டிக்கொள்கிறது. மொழிபெயர்ப்புச் செலவோ வழக்காடுபவன் தலையில்! அவன் நிலம் போகிறதா, நிலைக்கிறதா என்பதை அவன் முன்னாலேயே பேசுகின்றனர். அவனுக்குத் தெரிவதெல்லாம் வக்கீலின் முகக்குறி மட்டுமே.

வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கு ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றது கௌதம தரும சூத்திரம். இன்று ஈயம் இல்லை, தேவையும் இல்லை. காதிலே விழட்டும், கருத்திலே ஏறாது என்று ஏற்பாடு செய்தாயிற்று!

அரசமைப்புச் சட்டம் வழி அடைத்ததா? இல்லை. 348-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு மாநிலத்தின் ஆட்சிமொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த ஆளுநர் ஆணையிடலாம் என்கிறது. அவ்வழியே இந்தி நுழைந்தது: இராசத்தானில் 1950, உத்தரப் பிரதேசத்தில் 1969, மத்தியப் பிரதேசத்தில் 1971, பீகாரில் 1972. தமிழ்நாடு சட்டமன்றம் 2006 டிசம்பரில் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி என்ன செய்தது? உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2012-இல் அங்கிருந்து ‘ஏற்பதற்கில்லை’ என்ற விடை வந்தது. தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று 348-ஆம் பிரிவிலே எழுதியிருக்கிறதா? தேடிப் பாருங்கள், கிடைக்காது! அது 1965 மே திங்களில் மத்திய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு. 1965! மொழிக்காகத் தமிழ்நாட்டு இளைஞர் தீக்குளித்த ஆண்டு! இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் மூடிக்கிடக்கிறது?

மறுப்போர் மூன்று வாதம் சொல்வர்.

‘தமிழிலே சட்டச் சொல் ஏது?’ என்பது முதல் வாதம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையைக் கேளுங்கள்! 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழிலே பெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-இல் வெளியிட்டார் அந்த முன்சீப். உயர் நீதிமன்றம் பிறந்த அதே ஆண்டிலே தமிழ் சட்டம் பேசிற்று! ஆங்கிலேயன் ஆண்ட நாளில் முடிந்தது, நாம் ஆளும் நாளில் முடியாதா?

‘வெளிமாநில நீதிபதிக்குத் தமிழ் தெரியாதே’ என்பது இரண்டாவது. ஒரு நீதிபதிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தருவது எளிதா, கோடி மக்களுக்கு ஆளுக்கொருவரைத் தருவது எளிதா?

‘ஆங்கிலத்தை விட்டால் உலகத் தொடர்பு அறுந்துவிடும்’ என்பது மூன்றாவது. நாம் ஆங்கிலத்துக்குப் பகைவரல்லர். இந்தித் திணிப்பைத் தடுக்க அதனையே கேடயமாய் ஏந்தியவர்கள். ஆங்கிலம் உலகைக் காட்டும் பலகணி. பலகணியை மூடச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழையப் பலகணி வழியே ஏறிக்குதி என்றால், கிழவியும் குழந்தையும் என் செய்வர்? வாயில் வேண்டும், அந்த வாயில் தமிழாக இருக்கவேண்டும்.

2019 முதல் உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளைத் தமிழிலும் பெயர்த்து வெளியிடுகிறது, வரவேற்கிறோம். ஆனால் அதன் அடியிலே உள்ள குறிப்பைப் படித்தீர்களா? வழக்காடுபவர் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இது; வேறெதற்கும் பயன்படுத்தலாகாது; ஆங்கிலமே அதிகாரபூர்வமானது! சோற்றைப் பார்க்கலாம், மணத்தை நுகரலாம், உண்ணலாகாது என்பதுபோல் இல்லையா?

எனவே நாம் கோருவது இது. 348(2)-இன்படி தமிழுக்கு இசைவு தரப்படவேண்டும். அதுவரை நம் குரல் ஓயலாகாது. இராசா அண்ணாமலைபுரத்திலே அம்பேத்கர் பெயர் தாங்கி நிற்கிறதே சட்டப் பல்கலைக்கழகம், அதன் ஆய்வுகள் தமிழிலும் எழுதப்பட்டு மக்களிடம் வரவேண்டும். சட்டமன்றத்தில் நிறைவேறும் தொழிலாளர் சட்டம் ஒவ்வொன்றும் எளிய தமிழிலே கடை வாயிலில் தொங்கவேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதா? மயிலாப்பூரார்க்கு ஒரு சனிக்கிழமைச் சங்கம் போதுமானதாயிருந்தது, ஒரு தலைமுறையின் சட்டத்தையே கைக்குள் வைத்துக்கொள்ள! நம் இயக்கத்துக்குப் படிப்பகம் புதிதா? முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்துக் காட்டி, எழுத்தறியாதவனையும் அரசியல் அறியச் செய்தவர்கள் அல்லவா நம் முன்னோர்! வாரம் ஒரு சட்டம். ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்கட்டும். குடியிருப்போர் உரிமை, கூலிச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 7-அ, 22-அ என்று ஒவ்வொன்றாய் அவிழ்ப்போம். துணிக்கடைப் பெண்களுக்கு ஞாயிறும் வேலைநாளே. அவர்கள் படிப்பகத்துக்கு வரமுடியாது. ஆகவே படிப்பகம் அவர்கள் தங்கும் விடுதியின் வாயிலுக்குப் போகட்டும்.

நாம் தொடங்கிவிட்டோம். 22-அ பிரிவைப் பெரிய எழுத்திலே, ஒரு பக்கத்திலே, நம் மாணவரைக் கொண்டே எழுதச் செய்திருக்கிறோம். அடுத்த பொங்கலுக்கும் அந்த மூன்றாம் மாடிக்குப் போவோம். அப்போது அவள் “எந்தச் சட்டம் சார்?” என்று நம்மைக் கேட்கலாகாது; “எங்கே நாற்காலி?” என்று முதலாளியைக் கேட்கவேண்டும்.