ஊர் எண்ணில் ஒளிந்த அதிர்ஷ்டம்

ஆறுமுகநேரி என்றதும் உங்களுக்கு உப்பளம் ஞாபகம் வரும். எனக்கோ 628202 என்ற எண் ஞாபகம் வருகிறது. கடித உறையில் எழுதுகிறோமே, அந்த ஊரின் பின்கோடு எண்தான். 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி தேசம் முழுவதற்கும் வந்த ஏற்பாடு அது.

"இது ராசியான எண்தானா, ஸார்?" என்று அவ்வூர் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு ஜோசியம் தெரியாது, வகுக்கத் தெரியும். நீங்களும் பென்ஸிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2-ஆல் வகுத்தால் 314101. அப்புறம் 3, 5, 7 எதற்கும் அது பிடி கொடுக்காது. பொறுமையாகப் போனால் 41-ல் மசியும்; ஈவு 7661. அது 47-ஐ 163-ஆல் பெருக்கி வருவது. ஆக, 628202 = 2×41×47×163. நாலும் பகா எண்கள்; 1-ஐயும் தம்மையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதவை.

இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 16. அதையே விட்டுவிட்டு மற்ற 15-ஐயும் கூட்டினால் 363670 தான் வரும். தன்னைவிடக் குறைவு, ஆகவே இது 'குறைவெண்' வகை. நண்பரின் முகம் வாடிவிட்டது! வாட வேண்டியதில்லை. எண்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

அதிர்ஷ்டம் 41-ல் இருக்கிறது. ஏதாவது ஓர் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, 41-ஐக் கூட்டுங்கள். 0×1+41=41. 1×2+41=43. 2×3+41=47. (நம் 47 வந்துவிட்டது, பார்த்தீர்களா?) அடுத்தது 53. இப்படி 39×40+41=1601 வரை, நாற்பது தடவையும் பகா எண்ணே வரும்! ஆய்லர் என்ற கணித மேதை 1772-ல் கண்ட விந்தை இது. இப்படிக் கடைசி வரை கைகொடுக்கும் 'அதிர்ஷ்ட எண்கள்' 2, 3, 5, 11, 17, 41 ஆகிய ஆறுதான்.

ஏழாவது ஒன்று கிடையவே கிடையாதா? அந்தப் பூட்டின் சாவி 163. 41-ஐ நாலால் பெருக்கி 1-ஐக் கழித்தால் 163 அல்லவா? அந்த 163-தான் தன் இனத்தில் கடைசி எண் என்று 1952-ல் நிரூபித்தார் ஹீக்னர் என்ற ஜெர்மானியர். பள்ளி ஆசிரியராகவும் ரேடியோ எஞ்சினீயராகவும் இருந்தவர். 'நிரூபணத்தில் ஓட்டை' என்று நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1965-ல் அவர் காலமானார். அதன் பிறகுதான், ஸ்டார்க் என்ற அமெரிக்கர் திரும்ப ஆராய்ந்து, அது அடிப்படையில் சரியே என்று காட்டினார்.

இத்தனை வருஷம் நிரூபணத்துக்காக ஏன் மல்லாட வேண்டும், நாற்பது தடவை பலித்தது போதாதா என்கிறீர்களா? நாற்பத்தொன்றாவது தடவையைப் பாருங்கள்: 40×41+41=1681. அது 41×41. பகா எண் அல்ல!

நாற்பது நாள் வெயில் அடித்ததற்காக உப்பளத்தில் யாரும் அம்பாரத்தை மூடாமல் விடுவதில்லை. ஜோசியம் பலித்த கதை கேட்கும்போது நாமும் அதை நினைத்துக்கொள்வோம்.

சரி, உங்கள் ஊர் எண்ணுக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள்? வகுத்துப் பாருங்களேன்!