காட்ஜில்லாவுக்கு விழுந்த கத்தரி

காட்ஜில்லா என்றதும் என்ன ஞாபகம் வரும்? பெரிய ராட்சத மிருகம். கட்டிடங்களை மிதிக்கும். ரெயிலைக் கடிக்கும். குழந்தைகள் கைதட்டும்.

ஆனால் முதல் படம் கைதட்டலுக்காக எடுத்த படம் அல்ல.

1954-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதனை செய்தது. தூரத்தில் ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகு. அதில் 23 பேர். வெள்ளைச் சாம்பல் அவர்கள் தலையில் கொட்டியது. எல்லோரும் நோயில் விழுந்தார்கள். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். ஜப்பானே கொதித்தது!

அந்த ஆண்டு நவம்பர் 3-ந்தேதி தோஹோ கம்பெனியின் "காட்ஜில்லா" வெளிவந்தது. டைரக்டர், இஷிரோ ஹோண்டா. குண்டுச் சோதனையால் கடலடியில் இருந்து கிளம்பும் மிருகத்தின் கதை. படம் தொடங்கியதும் கடலில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஒரு கப்பல் எரிகிறது. எதை நினைத்து எடுத்தார்கள் என்று ஜப்பான்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ரெயிலில் ஒரு பெண், நாகசாகி குண்டுக்குத் தப்பிப் பிழைத்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஜில்லா வரலாம் என்று கிழ விஞ்ஞானி முடிவில் எச்சரிக்கிறார்.

படத்தை அமெரிக்க வியாபாரிகள் வாங்கினார்கள். கத்தரியை எடுத்தார்கள். 96 நிமிடப் படம் 80 நிமிடம் ஆயிற்று. ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபர் வேடத்தில் தனியாகப் படம் பிடித்து நடுவில் ஒட்டினார்கள். 1956-ல் திரையிட்டார்கள். நாகசாகிப் பேச்சு இல்லை. கடைசி எச்சரிக்கையும் இல்லை!

இரண்டாவது படத்தின் கதி இன்னும் வேடிக்கை. 1959-ல் காட்ஜில்லாவின் பெயரையே "ஜைகாண்டிஸ்" என்று மாற்றிவிட்டார்கள். நன்றாக விற்ற சரக்கின் லேபிளை யாராவது கிழிப்பார்களா?

அமெரிக்க நடிகர் இல்லாவிட்டால் படம் ஊர் ஊராக ஓடி இருக்காது என்பார்கள். இருக்கலாம். உலகத்துக்குக் காட்ஜில்லாவைக் காட்டியது அந்தப் பிரதிதான். நீளத்தைக் குறைத்ததைக்கூட மன்னிக்கலாம். குண்டுக்குத் தப்பியவள் வாயை அடைத்ததை எப்படி மன்னிப்பது?

வெட்டாத படம் அமெரிக்க தியேட்டர்களில் பரவலாக ஓட 2004-ம் ஆண்டு ஆயிற்று. ஐம்பது வருடம்! 2023-ல் வந்த "காட்ஜில்லா மைனஸ் ஒன்" படத்தைத் தோஹோவே ஜப்பான் மொழியில், அடியில் ஆங்கில எழுத்துடன் அங்கே வெளியிட்டது. கூட்டம் வந்தது. மறு ஆண்டு ஆஸ்காரும் கிடைத்தது. வேற்றுமொழிப் படத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற பழைய சாக்கு எங்கே போயிற்று?

1954 படத்தைப் பார்ப்பதானால் ஜப்பான் பிரதியைப் பாருங்கள். ரெயில் காட்சி வரும்போது, நாகசாகி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். படத்தை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.